காலாவதியான பெயர்

பெண்கள் எழுதிய 'த ஹேர்பின்' என்ற அமெரிக்கப் பத்திரிகை 2010-ல் இணையத்தில் தொடங்கி 2018 ஜனவரியில் நின்றது. நிற்பது நமக்குப் புதிய விஷயமில்லை. சிறுபத்திரிகையின் இயல்பான ஸ்திதியே அதுதான். 'எழுத்து' 1970-ல் நின்றது. அதே பெயரில் நாளை யார் எதைத் தொடங்கினாலும், பரணில் கிடக்கும் அந்தத் தாள்களில் அச்சான பெயர்கள் மாறப்போவதில்லை. 'ஹேர்பின்'னுக்கு நேர்ந்தது வேறு.

இணையத்தில் பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறார்கள். ஓராண்டுக்கு, மிஞ்சினால் பத்தாண்டுக்கு. 'டாட் காம்' வகைப் பெயர்களில், தவணை தவறினால் பதிவு நிறுவனம் 45 நாள் வரை பொறுக்கலாம், பொறுத்தாக வேண்டுமென்பதில்லை. நீக்கிய பிறகு அபராதத்தோடு மீட்க 30 நாள். பிறகு யாரும் தொட முடியாத 5 நாள். அப்புறம் முந்துகிறவனுக்கு. (பல பெயர்கள் அதுவரைகூடப் போவதில்லை, ஏலத்தில் கைமாறிவிடுகின்றன.)

காத்திருப்பவன் வாங்குவது பெயரின் அழகை அல்ல. எட்டு வருஷம் மற்றவர்கள் அந்தப் பத்திரிகையைப் படித்து, ஏற்று, சண்டை போட்டு, தங்கள் கட்டுரைகளிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்களே, அந்த இணைப்புகளைத்தான் வாங்குகிறான். தேடுபொறிகள் ஒரு முகவரியை மதிப்பது பெருமளவு அவற்றை வைத்துத்தான். ஆக, கைமாறுவது ஒரு வாசகக் கூட்டத்தின் மதிப்பீடு. அந்த வாசகர்களை யாரும் கேட்கவில்லை.

2023-ல் 'ஹேர்பின்' பெயர் காலாவதியாயிற்று. ஸெர்பிய வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டார். இயந்திரம் எழுதிய சரக்கு அதில் நிரம்பியதை 2024 தொடக்கத்தில் 'வயர்ட்' பத்திரிகை வெளிப்படுத்தியது. சரக்கு கிடக்கட்டும், குப்பை எந்தக் காலத்தில் இல்லை? என்னை உறுத்துவது மற்றது. பழைய கட்டுரைகளில் அதிகம் படிக்கப்பட்ட சிலவற்றை அங்கேயே விட்டு, எழுதிய பெண்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஆண் பெயர்களைப் போட்டிருந்தார்கள்.

ரோலான் பார்த் 1967-ல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்ததை இங்கே சிலர் வசதியாகப் பற்றிக்கொண்டார்கள்: பிரதி போதுமே, பெயர் எதற்கு? இதோ, பிரதி இருக்கிறது. பெயர் மட்டும் போயிற்று. ஆனால் ஒரு பெண் தன் பெயரில் 'நான்' என்று எழுதிய வாக்கியம், இல்லாத ஓர் ஆணின் பெயருக்குக் கீழே அதே வாக்கியமாக நிற்குமா? அதன் கிண்டல் திசைமாறுகிறது, சாட்சியம் பொய்யாகிறது. பார்த் ஆசிரியனை அகற்றியது வாசகனுக்கு இடம் விட. இங்கே ஆசிரியன் சாகவில்லை, வேறொருவனை ஆசிரியனாக உட்கார வைத்திருக்கிறார்கள், அதுவும் வாசகனை ஏய்க்க. இரண்டையும் குழப்புகிறவர்களோடு விவாதிக்க எனக்குப் பொறுமை இல்லை.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996 முதல் இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கிறது. பழைய 'ஹேர்பின்' பக்கங்களும் அங்கே உண்டு. ஆனால் தேடிப் போகத் தெரிந்தவனுக்குத்தான். அந்தக் கட்டுரைகளைப் பாராட்டி யாரோ கொடுத்த இணைப்பு பழைய வாசலையே காட்டிக்கொண்டிருக்கும்.

இணையத்துக்குப் போன நம் இதழ்காரர்கள், இதழை நிறுத்தும்போது பெயருக்கு இனி யார், எத்தனை வருஷம் பணம் கட்டுவது என்பதையும் கடைசித் தலையங்கத்தில் எழுதிவிடலாம். கூச்சப்பட ஏதுமில்லை. அச்சகப் பாக்கியைப் பற்றி எழுதியவர்கள்தானே நாம்.