பேட்டரியை வெட்டினால் போதுமா?

திருப்பூரிலிருந்து பல்லடம் தாண்டி செட்டிப்பாளையம் போனால் கரி மோட்டார் ஸ்பீட்வே. லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்து, மாருதி என்ஜினைப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்த எஸ். கரிவரதனின் பெயரில் 2003இல் திறக்கப்பட்டது. இலங்கைக்காரர்களுக்குப் பந்தயம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றம். 1934 முதல் தேயிலைத் தோட்டச் சாலையில் நடப்பது. சமதளப் பந்தயத்துக்கு இங்கே ஒரு காலத்தில் சோழவரம், அங்கே கட்டுக்குருந்த. இரண்டுமே போர்க்கால விமான ஓடுதளங்கள்தான்.

எந்தத் தடமானாலும், கார் கவிழ்ந்து பெட்ரோல் ஒழுகும்போது ஒரு தீப்பொறி போதும். அதனால்தான் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச். பேட்டரியை மட்டும் வெட்டினால் ஓடும் என்ஜின் நின்றுவிடாது. ஆல்டர்னேட்டர் இக்னிஷன் காயிலுக்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுக்கும். ஜெனரேட்டர் ஓடும்போது ஈபி மெயினை மட்டும் இறக்கினால் நிட்டிங் மெஷின் நிற்குமா? அதே கதைதான்.

எனவே பந்தயத்துக்கு ஆறு முனை சுவிட்ச். தடித்த இரண்டு முனைகள் பேட்டரிக்கு. ஒரு ஜோடி காயிலுக்குப் போகும் வயரை அறுக்கும். மற்ற ஜோடி, அணைத்ததும் ஆல்டர்னேட்டரில் எகிறும் மின்னழுத்தத்தை 3 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு இறக்கும். இல்லாவிட்டால் டயோடு போய்விடும். டெர்மினலில் திருகும் பச்சைக் குமிழ் சுவிட்ச் திருட்டுக்குச் சரி, பந்தயத்துக்கு உதவாது.

இங்கத்திய ஒற்றை இருக்கைக் கார் பந்தயத்துக்கென்றே பிறந்தது; சுவிட்சுக்கு முதலிலேயே இடம் ஒதுக்கிவிடலாம். நம்மூர்ப் பழைய ஃபியட் 1100இலும் பெரிய சிக்கலில்லை: பேட்டரி பானெட்டுக்குள், பெட்ரோல் பம்ப்பை என்ஜினே இயக்கும். மலையேற்றங்களில் நெடுங்காலமாக ஓடும் மினி கார்தான் வேலை வாங்கும். அதன் பேட்டரி டிக்கியில். ஸ்டார்ட்டருக்கான கேபிள் தரைக்கு அடியில் முன்னால்வரை ஓடுகிறது. கைக்கு எட்டட்டும் என்று சுவிட்சை டாஷ்போர்டில் வைத்தால், அணைத்த பிறகும் அந்தக் கேபிளில் மின்சாரம் இருக்கும். கல் தட்டி உறை கிழிந்தால் அதுவே பொறி. பழைய மினியில் எஸ்.யூ. மின்பம்ப் வேறு: என்ஜின் நின்றாலும் சாவி ஆனில் இருக்கும்வரை, உடைந்த குழாய்க்குப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆகவே மினிக்கு சுவிட்ச் டிக்கியில், பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். டிரைவருக்கு ஓர் இழுகம்பி, வெளியாளுக்கு இன்னொன்று. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி மூடிய காரில் வெளி இழுப்பு முன்கண்ணாடியின் அடிப்பக்கத்தில், வெள்ளைக் கரையிட்ட நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் குறியோடு இருக்கும். டிக்கியிலிருந்து அவ்வளவு தூரம் கம்பி வருவதால் வளைவுகளில் சிக்காமல் பார்க்க வேண்டும். பழைய மினிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். சுவிட்ச் பெட்டிமேல் உள்ள படத்தை அப்படியே நம்பி இணைக்கக் கூடாது.

சுவிட்ச் வேலை செய்கிறதா என்ற சோதனையை ஐடிலில் செய்பவர்கள் இரு நாட்டிலும் உண்டு. ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ உள்ள பழைய காரில் அது ஏமாற்றும்: ஐடிலில் டைனமோ சார்ஜ் செய்யாது, பேட்டரியை மட்டும் வெட்டினாலும் என்ஜின் நின்றுவிடும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடவிட்டு வெளிக் கம்பியை இழுத்துப் பாருங்கள்.