போர்க்கள நகையும் வீடு திரும்பியோன் நகையும்: பில் மோல்டினின் கேலிச்சித்திரங்கள் பற்றிய ஓர் ஆய்வு

நகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் எள்ளலை முதற்கண் வைத்தார். அதற்கு உரைகண்ட பேராசிரியர், பிறரைத் தான் எள்ளி நகுவதும், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுவதும் என அதனை இருபாற்படுத்தினார். பின்னையது அரிது. தன்னை எள்ளிய சொல்லைக் கேட்டுச் சினவாது சிரிக்க வல்லார் எத்துணையர்? இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் காலாட்படையினரின் நகையை வரைந்த பில் மோல்டினின் படைப்புகளை ஆராயப் புகுவார்க்கு, உரையாசிரியர் வகுத்த இப்பாகுபாட்டினும் பொருத்தமான அளவுகோல் கிடைத்தல் அரிது என்பது எமது கருத்து.

கேலிச்சித்திரத்தை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குட் கொணர்தல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். இரு மாந்தர், ஓர் இடம், ஒரு கணம், ஒருவன் வாயிற் பிறக்கும் ஒரே வாக்கியம் ஆகிய இவை நாடகத்தின் மிகச் சிறிய வடிவமாகும். அவ்வாக்கியம் பிழைத்தால் படமும் பிழைத்துவிடும். ஆகவே அதனை நாடகமாகவே கொண்டு ஆராய்தல் தவறாகாது.

மோல்டின் 1921ஆம் ஆண்டு நியூ மெக்சிக்கோ மாநிலத்திற் பிறந்தவர். 1940இல் அரிசோனாத் தேசியக் காவற்படையிற் சேர்ந்து, 45ஆவது காலாட்படைப் பிரிவினராகி, 1943 யூலையில் அப்பிரிவோடு சிசிலிக் கரையில் இறங்கினார். பிரிவின் செய்தித்தாளுக்கு வரைந்து வந்தவரை ‘ஸ்ரார்ஸ் அன்ட் ஸ்ரைப்ஸ்’ என்னும் படையினர் நாளிதழ் பின்னர் ஏற்றுக்கொண்டது. அவர் படைத்த வில்லி, ஜோ என்னும் இரு மாந்தரும் சவரம் செய்யாத முகமும், சேறு படிந்த உடையும், உறக்கம் காணாத கண்களும் உடையவர்கள். வீரத்தின் இலக்கணமாக ஓவியர் வழக்கமாகத் தீட்டும் நிமிர்ந்த மார்பு அவர்கள்பால் இல்லை. முதுகு எப்பொழுதும் வளைந்தே இருக்கும். குண்டுகள் பறக்கும் வெளியில் நிமிர்ந்து நிற்பவன் நெடுநாள் நிற்பதில்லை அன்றோ!

இவ்வகை நகைக்கு மோல்டின் முதல்வர் அல்லர். முதலாம் உலகப்போரிற் பிரித்தானிய அதிகாரியான புரூஸ் பெயான்ஸ்பாதர் வரைந்த ‘ஓல்ட் பில்’ என்னும் முதுவீரன், 1915ஆம் ஆண்டின் புகழ்பெற்ற படத்தில், சுற்றிலும் எறிகணை வெடிக்கும் குழியினுள் இருந்துகொண்டு, இதனினும் நல்ல குழி தெரிந்தால் அங்கே போ எனத் தோழனைக் கடிந்தான். ஆயினும் பெயான்ஸ்பாதர் தம் வீரரைச் சற்றுத் தொலைவில் நின்று பார்க்கும் அதிகாரி. அவர்தம் படங்களில் அன்பு உண்டு; அவ்வன்பிற் பெரியோர் சிறியோரிடத்துக் காட்டும் சாயலும் உண்டு. மோல்டினோ சார்ஜன் தரத்திற்கு மேற்செல்லாதவர். அவர் வரைந்தது தம் அண்டைவீட்டாரைப் போன்ற ஒரு குழுவினரை.

அவருடைய படங்களுட் சிலவற்றை நோக்குவோம். ஒன்றில், குதிரைப்படையில் வளர்ந்த முதிய சார்ஜன் ஒருவர், அச்சு முறிந்து கிடக்கும் ஜீப் வண்டியின் முன் நிற்கிறார். ஒரு கையாற் கண்களை மூடிக்கொண்டு, மறு கையிற் பிடித்த கைத்துப்பாக்கியை வண்டியின் முகப்பிற்கு நேரே நீட்டுகிறார். சொல் ஒன்றும் இல்லை. கால் முறிந்த குதிரையைத் துன்புறவிடாது கொல்லும் பழைய மரபு இரும்பு எந்திரத்தின்பாற் செல்லும்போது நகை பிறக்கிறது. ஆனால் கண்ணை மூடிய அந்தக் கை நகையின் கீழே மற்றொன்றையும் வைத்திருக்கிறது. உடனிருந்ததைக் கைவிட வேண்டிய வேளைகள் எத்தனையை அம்முதியவர் கண்டிருக்க வேண்டும்!

மற்றொன்றில் வில்லி, நேற்றுத் தன் உயிரைக் காத்த ஜோவுக்குக் கைம்மாறாகத் தன்னிடம் எஞ்சிய ஈரமற்ற ஒரு சோடிக் காலுறையை நீட்டுகிறான். உயிருக்கு ஈடு காலுறையா என நாம் சிரிக்கிறோம். இத்தாலியின் குளிர்காலச் சேற்றிற் பாதம் அழுகி மருத்துவ முகாமுக்குச் சென்ற படையினர் பலர் என்பதை அறிந்தவன் அவ்வாறு சிரிக்கமாட்டான். அவன் அறிந்த அளவில் அந்த ஈடு சரியானதே. எனவே இப்படம் வெளியாருக்கு ஒரு நகையையும், உள்ளிருப்போருக்கு வேறொரு நகையையும் தருகிறது. படையினர் நகையின் பெரும்பகுதி இத்தகையதே. அஃது ஒருவகைக் குழூஉக்குறி. அதை விளங்கிக்கொள்பவன் தான் தனியன் அல்லன் என்பதை அக்கணமே அறிந்துகொள்கிறான்.

வேறொரு படத்தில், மருத்துவ உதவியாளன் நீட்டும் ‘பேர்ப்பிள் ஹார்ட்’ பதக்கத்தை மறுக்கும் வில்லி, அது தன்னிடம் முன்பே உண்டென்றும், இரண்டு அஸ்பிரின் மாத்திரைகளே போதுமென்றும் கேட்கிறான். போரிற் காயமுற்றோர்க்கு அளிக்கப்படும் பதக்கம் அது. மோல்டினும் 1943இன் இறுதியில் இத்தாலியிற் காயமுற்று அதனைப் பெற்றவரே. விழுப்புண் படாத நாள்களைத் தன் வாழ்நாட் கணக்கிற் சேர்க்காத வீரனைத் திருக்குறளிற் கண்டு வளர்ந்த நமக்கு வில்லி முதலில் வியப்பையே தருவான். அவன் கோழையோ? அல்லன், களத்தை விட்டு அவன் ஓடவில்லை. புண்ணைப் புகழாக மாற்றும் வேலையை ஊராரே செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, தலைநோவுக்கு மருந்து கேட்கிறான். புறப்பாடல்களின் வீரனைப் பாடியவன் புலவன். இங்கே வீரன் தானே பேசுகிறான். பாடுவோனுக்கும் படுவோனுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இது.

1945ஆம் ஆண்டுப் புலிற்சர் பரிசை மோல்டினுக்குப் பெற்றுத்தந்த படம், பத்திரிகைச் செய்தி ஒன்றின் நடையைத் தலைப்பாகக் கொண்டது. வெற்றிக் களிப்பிலுள்ள அமெரிக்கப் படையினர் சோர்ந்து பசித்த கைதிகளை அழைத்து வருகின்றனர் என்பது அதன் கருத்து. படத்திலோ மழையில் நனைந்து செல்லும் வெற்றியாளனும் கைதிகளும் சோர்விலே ஒரே இனத்தவர்களாய்க் காணப்படுகின்றனர். செய்தியாளரின் உயர்வுநவிற்சியை ஒரு சொல்லாலும் மறுக்காமல், அதன் கீழே உண்மையை வைத்துவிட்டார் ஓவியர். அப்பொழுது அவருக்கு வயது 23.

மேலிடத்தார் அனைவரும் இதனைப் பொறுத்தனர் அல்லர். ஆல்ப்ஸ் மலைக்காட்சியை வியக்கும் இரு அதிகாரிகளுள் ஒருவன், சாதாரணப் படைவீரருக்கும் இவ்வாறானதொரு காட்சி உண்டோ எனக் கேட்பதாக வரைந்தவரை எவ்வாறு பொறுப்பர்? ஜெனரல் பற்றன் 1945 மார்ச்சில் மோல்டினை நேரில் அழைத்துக் கடிந்தார். சேறு படிந்த வில்லியும் ஜோவும் கட்டுப்பாட்டைக் கெடுக்கின்றனர் என்பது அவர் வழக்கு. மோல்டின் தம் படங்களை மாற்றவில்லை. ஐசனோவரின் தலைமையகமும் அவற்றைத் தடை செய்யவில்லை. எள்ளப்பட்டவழிச் சினவாதிருக்கும் ஆற்றல் சில தலைவரிடத்தே இருந்தது, சிலரிடத்தே இருக்கவில்லை என்பதற்கு மேல் இதிற் சொல்ல வேண்டியது அதிகமில்லை.

பற்றனின் பெயர் நினைவூட்டும் வேறொரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு இன்றியமையாதது. முதலாம் உலகப்போரிற் போரிட்டு மீண்டோர்க்கு 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஊக்கத்தொகை ஒன்றை வாக்களித்தது. ஆயின் அது 1945இலேயே முழுமையாக வழங்கப்படும் என விதித்தது. பெருமந்தக் காலத்தில் வேலையிழந்து பசித்த அம்முன்னாட் படையினர், அத்தொகையை உடனே தருமாறு கேட்டு 1932இல் வாஷிங்டனிற் குடும்பத்தோடு கூடிக் குடிசையிட்டனர். யூலை 28ஆம் நாள் மக்காதரின் தலைமையில் வந்த படை அவர்களைத் துரத்திற்று, குடிசைகள் எரிந்தன. அப்படையின் குதிரைவீரரோடு வந்த அதிகாரிகளுள் ஒருவர் பற்றன். அந்த அவமானத்தின் நினைவு 1944 யூன் 22இற் கையொப்பமான ஜீ. ஐ. சட்டத்தின் பின்னால் நின்றது. அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாட் படையினர் சங்கம் வரைவு செய்த அச்சட்டத்தின் வழி ஏறக்குறைய 78 இலட்சம் பேர் கல்வியோ பயிற்சியோ பெற்றனர். அவர்களுட் சுமார் 22 இலட்சம் பேர் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றனர். நாடொன்று மீண்ட படையினர்க்குச் செய்த உதவிகளுள் இதனைப் பெரிதென்றல் மிகையாகாது. கறுப்பின வீரர் பலர்க்கு அதன் பயன் நடைமுறையில் மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆயினும் கல்விச் செலவையும் வீட்டுக் கடனையும் கொடுப்பது வேறு, மீண்டவன் சொல்வதைக் கேட்பது வேறு. இவ்வுண்மை மோல்டினின் பிற்பகுதி வரலாற்றிலே தெளிவாகின்றது. 1945இல் வெளிவந்த ‘அப் ஃபுரொண்ட்’ என்னும் அவர் நூலை அமெரிக்கர் பெருவிருப்போடு வாங்கினர். வில்லியின் முகம் அவ்வாண்டு யூனில் ‘டைம்’ இதழின் அட்டையை அணிசெய்தது. தமக்காகச் சேற்றில் நிற்பவன் தன்னைத்தானே எள்ளி நகுவதைக் காண்பது வீட்டிலிருந்தோர்க்கு இனிதாக இருந்தது. அந்த எள்ளல் அவர்களைத் தீண்டவில்லை.

பின்னர் வில்லியும் ஜோவும் வீடு திரும்பினர். 1947இல் வெளியான ‘பாக் ஹோம்’ என்னும் நூலின் படங்களில் எள்ளப்படுவோர் மாறிவிட்டனர். மீண்ட வீரனைக் கொலைகாரனாகவே காணும் செய்தித்தாளை ஒரு படம் நகுகிறது. முன்னாட் படைவீரன் தன் அத்தையை உதைத்தான் என்பது அங்கே முதற்பக்கத் தலைப்பு. 17ஆம் பக்கத்தின் ஒரு மூலையில் மூவரைக் கோடரியால் வெட்டிக் கொன்ற செய்தி கிடக்கிறது. அக்கொலையில் முன்னாட் படைவீரர் எவருக்கும் தொடர்பில்லையாம்! இன்னொன்று நகையின் எல்லையையே கடக்கின்றது. யப்பானிய மரபினனான ஓர் அமெரிக்கனின் கடையைக் கைப்பற்றியோர், உரிமையாளன் திரும்பி வருவான் என்று அஞ்ச வேண்டியதில்லை, அவன் இத்தாலியிற் கொல்லப்பட்டுவிட்டான் என்று பேசிக்கொள்கின்றனர். இத்தாலிச் சேற்றில் அவனோடு நின்றவரின் கை அதை வரைந்தது என்பதை மறத்தலாகாது.

இவற்றைப் பலர் விரும்பவில்லை. படங்களைப் பத்திரிகைகளுக்கு விநியோகித்த நிறுவனம் சிலவற்றைத் திருத்திற்று. பத்திரிகைகள் சில அவரைக் கைவிட்டன. சில ஆண்டுகளில் அவரே அத்தொழிலை விட்டு விலகி, 1958இற் சென் லூயிஸ் நகரின் நாளிதழொன்றில் மீண்டும் தொடங்கி, மறு ஆண்டே இரண்டாவது புலிற்சர் பரிசைப் பெற்றார். ‘பாக் ஹோம்’ படங்கள் கலைத்தரத்திற் குறைந்தன எனத் திறனாய்வோர் கூறின் அதிற் பாதி உண்மை உண்டு. பலவற்றிற் சொற்கள் மிகுந்து படம் இளைத்துவிட்டது. சினம் நகையை முந்திக்கொண்டு விடுகிறது. ஜீப் வண்டியின் முன் நின்ற சார்ஜனின் மௌனம் அவற்றுள் இல்லை. ஆனால் வாசகர் அவற்றை ஒதுக்கியது இக்குறைக்காக எனக் கொள்வது பொருந்தாது. பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை நகை, எள்ளப்பட்டவழித் தான் நகுவது, இப்பொழுது வாசகர் கடனாயிற்று. படையினர் மூன்றாண்டு செய்ததை ஊரார் மூன்று திங்களும் செய்ய மனமற்றவர்களாயினர். எமது நோக்கில் ‘பாக் ஹோம்’ குறையுடைய நூல்; எனினும் ‘அப் ஃபுரொண்ட்’ நூலினும் துணிவுடைய நூல்.

மோல்டினின் நகை ஏதேனும் பயன் செய்ததோ என்பதற்கு விடை ஐம்பத்தேழு ஆண்டுகளின் பின் கிடைத்தது. 2002இல் அவர் நினைவு மங்கும் நோயுற்றுக் கலிபோர்ணியாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். அச்செய்தி பத்திரிகைப் பத்திகளின் வழியே பரவியதும், பத்தாயிரத்திற்கு மேற்பட்ட கடிதங்களும் வாழ்த்து மடல்களும் அவர்க்கு வந்தன. எண்பது வயதைத் தொட்டும் கடந்தும் இருந்த முன்னாட் படையினர் பலர் நேரிலே வந்தனர். பதக்கங்களையும், போர்க்காலத்திற் கத்தரித்துப் பேணிவைத்த படங்களையும் கொணர்ந்து கட்டிலருகே அமர்ந்து பேசினர். அவர்கட்கு அழைப்பு விடுத்த அரசாங்கத் திணைக்களம் எதுவும் இல்லை. காலுறையைப் பெற்றவன் காலுறையைத் திருப்பிக் கொடுக்க வந்ததைப் போன்றது அது. 2003 சனவரி 22ஆம் நாள் மோல்டின் காலமானார். ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றார்.

போர்க்காலப் படங்கள் 2008இலும், வீடு திரும்பிய காலத்துப் படங்கள் 2011இலும் தனித்தனித் தொகுதிகளாக மீண்டும் பதிப்பிக்கப்பட்டுள்ளன. முன்னதை வாங்குவோர் பின்னதையும் வாங்குதல் வேண்டும். வில்லியும் ஜோவும் பின்னதிற் சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி, தெருவிலே நம் எதிரே வருகின்றனர்.