அ தெரியும், அம்மா தெரியாது

அக்கா மகளுக்கு நாலு வயசு. எல்.கே.ஜி. போகிறாள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது தன் தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மடியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். அ அம்மா, ஆ ஆடு, இ இலை, ஈ ஈ. ஔவையார் வரைக்கும் ஒரு தடங்கல் இல்லை. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு சின்ன சந்தேகம். ஒரு வெள்ளைத்தாளில் 'அம்மா' என்று பெரிதாக எழுதி, படம் எதுவும் போடாமல் நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது அ, மாமா. மிச்சத்த மிஸ் இன்னும் சொல்லித் தரல."

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவளுடைய புத்தகத்தை ஒழுங்காக வாசித்தேன். நாவலையும் கவிதையையும் பக்கம் பக்கமாக விமர்சிக்கிற நாம், எல்லாரும் முதலில் கையில் எடுத்த புத்தகத்தை ஒருமுறைகூட ஒரு பிரதியாகப் பார்த்ததில்லை. அரிச்சுவடிக்கு ஆசிரியர் பெயர் கிடையாது, மதிப்புரையும் கிடையாது. இருந்தாலும் வாசிப்பு என்றால் என்ன என்று நமக்கு முதலில் சொல்வது அதுதான்.

அது என்ன சொல்கிறது? முதல் பன்னிரண்டு பக்கங்களில் பன்னிரண்டு உயிரெழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல், ஒரு படம். தமிழில் உயிரெழுத்து தன் சொந்த வடிவத்தில் பெரும்பாலும் சொல்லின் முதலில்தான் வரும். மற்ற இடங்களில் எல்லாம் மெய்யோடு சேர்ந்து உருமாறிவிடும். ஆகவே பன்னிரண்டு எழுத்தையும் கரைத்துக் குடித்த குழந்தையால்கூட அந்தப் பக்கங்களில் உள்ள சொற்களை வாசிக்க முடியாது. அம்மாவுக்கு 'ம்', 'மா' வேண்டும். ஆட்டுக்கு 'டு' வேண்டும். முழுசாக வாசிக்க முடிகிற ஒரே சொல் ஈ. சோதித்துப் பார்த்தேன். தாளில் ஈ என்று எழுதியதும் பட்டென்று படித்துவிட்டு, "எங்க மாமா ஈ?" என்று சுற்றிலும் தேடினாள். எழுத்துக்கும் உலகத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிய இடம் அந்த ஒன்றுதான். மற்ற பதினொன்றிலும் அவள் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறாள். அந்தப் படங்களில் ஒன்று உரல். உரலை அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் இருப்பது மிக்ஸி.

இன்னொன்றும் கவனித்தேன். புத்தகம் முழுக்கப் பெயர்ச்சொல். யாரும் எதுவும் செய்வதில்லை. ஆடு மேயாது, எலி ஓடாது, அம்மா கூப்பிட மாட்டாள். ஔவையாரின் ஆத்திசூடியும் அகரவரிசையில் அமைந்த நூல்தான், ஆனால் அதில் எழுத்துக்கு எழுத்து ஒரு வினை இருக்கிறது. செய், செய்யாதே என்று அது குழந்தையோடு பேசுகிறது. அந்தக் கட்டளைத் தொனி நமக்குப் பிடிக்காமல் போகலாம். பாரதிக்கும் அந்த அறங்கள் போதவில்லை போலும், அதே வடிவத்தில் 'புதிய ஆத்திசூடி' எழுதினார். ஆனால் இரண்டிலும் எழுத்து ஒரு வாக்கியத்துக்கு இட்டுச் செல்கிறது. நம் அரிச்சுவடி வாக்கியத்தைக் கைவிட்டுப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டது. ஔவையாரையும் அது விடவில்லை. எழுத்துக்கு ஒரு வாக்கியம் எழுதிய கவிஞர், கோல் ஊன்றிய பாட்டியாக 'ஔ' பக்கத்தில் நிற்கிறார். அங்கே அவரும் ஒரு படம்தான்.

"இப்படித்தானே நாம எல்லாரும் படிச்சோம், இப்ப வாசிக்கலையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாசிக்கிறோம். ஆனால் நாம் தப்பித்து வந்தவர்கள். எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எட்டாம் வகுப்பு வரை எழுத்துக்கூட்டியே வாசித்த பையன் இந்தக் கட்டுரையை வாசிக்கப்போவதில்லை. இந்தக் கேள்விக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

அகரவரிசை மீது எனக்குக் கோபம் இல்லை. உயிர், மெய், உயிர்மெய் என்று 247 எழுத்தையும் ஒலியின் முறைப்படி அடுக்கியது பெரிய சிந்தனை. அதற்கு நெடுங்கணக்கு என்று பெயர். ஆனால் அது மொழியை முழுதாக அறிந்தவர் செய்த கணக்கு, குழந்தை அதில் முடிக்கலாம், தொடங்க வேண்டியதில்லை. ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் பலருக்கு இது தெரியும். கோடுகளால் ஆன ட, ப, ம என்ற மூன்றில் தொடங்கி, புள்ளியையும் காட்டிவிட்டால் படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் சில நாளில் கைக்கு வந்துவிடும். குழந்தை வாசித்துவிடும்.

எண்ணிலும் இதே கதை. கட்டம் போட்ட நோட்டில் மருமகள் 1 முதல் 50 வரை எழுதுகிறாள். ஏழு புளியங்கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னேன். ஒன் டூ த்ரீ என்று செவன் வரை சரியாக எண்ணினாள். "சரி, மொத்தம் எத்தனை?" என்றேன். மறுபடி ஒன்னிலிருந்து தொடங்கினாள். எண்ணி முடித்த கடைசிச் சொல்தான் மொத்தத்தின் அளவு என்பது தனியாகப் புரிய வேண்டிய விஷயம். கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் எழுதிய நூலில் எண்ணுதலின் ஐந்து விதிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். நாலு வயதில் இது தடுமாறுவது சாதாரணம், அதற்காகக் குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் நோட்டின் எந்தப் பக்கமும் இதைக் கேட்கவில்லை. அங்கே 7 என்பது வளைக்கக் கற்றுக்கொண்ட ஒரு கோடு.

போதாததற்கு, தமிழ் இலவசமாகத் தருவதையும் நாம் வாங்கிக்கொள்வதில்லை. பதினொன்று என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. இருபத்து மூன்றில் இருபதும் மூன்றும் வெளிப்படையாக நிற்கின்றன. தொண்ணூறு போல ஒன்றிரண்டு இடத்தில்தான் குழப்பம். லெவன், ட்வெல்வில் பத்து எங்கே என்று நாலு வயதுக் குழந்தை எப்படிக் கண்டுபிடிக்கும்? மருமகளுக்குத் தர்ட்டீனும் தர்ட்டியும் ஒன்றுதான்.

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர் 1963இல் 'டீச்சர்' என்ற நூலை வெளியிட்டார். அவர் வகுப்பில் சொற்பட்டியலைத் தந்தது புத்தகம் இல்லை. ஒவ்வொரு குழந்தையிடமும் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அதை ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். பேய், முத்தம் மாதிரியான சொற்கள் வந்தன. பயமும் பாசமும் உள்ள சொற்களைக் குழந்தைகள் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்கள்.

நானும் கேட்டேன். "உனக்கு என்ன வார்த்தை வேணும்?"

யோசிக்கவே இல்லை. "பல்லி."

குளியலறையில் ஒன்று இருக்கிறதாம். ராத்திரி தனியாகப் போக மாட்டாளாம். ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி, பல்லிக்குத் தெரிய வேண்டும் என்று குளியலறைக் கதவில் ஒட்டச் சொன்னாள். எழுதினால் அது யாரையாவது போய்ச் சேரும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு பலகையைக் காட்டிக் கத்தினாள். "மாமா, பல்லி!"

'பல் மருத்துவமனை' என்று எழுதியிருந்தது. தப்பு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். 'ப' சரி, 'ல்' சரி, முக்கால்வாசி அவள் சொன்னதுதான். முதல் முறையாக, பக்கத்தில் படம் இல்லாத ஒன்றை அவளாகவே வாசித்திருக்கிறாள்.

"ஆமா, பல்லியோட தலை அங்க இருக்கு. வால் எங்கன்னு பாரு" என்றேன். கிட்டப் போய்ப் பார்க்கணும் என்று கையைப் பிடித்து இழுத்தாள்.