பெட்டியைத் திறப்பது யார்?

கணினியைப் பற்றித் தமிழில் நடந்த சண்டைகள் எல்லாமே எழுத்தைப் பற்றிய சண்டைகள்தாம். எந்தக் குறியேற்றம், எந்த விசைப்பலகை, கிரந்தம் வேணுமா வேண்டாமா என்று 1999 தமிழிணைய மாநாட்டுக்கு முன்பும் பின்பும் பேசித் தீர்த்தோம். 2010 ஜூனில் அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டதும் வேலை முடிந்தது என்று கலைந்துபோனோம். இந்தப் பேச்சுகளில் பெட்டி எங்கே? 'வன்பொருள்' என்றொரு சொல்லை ஆக்கிக் கொடுத்ததோடு தமிழ்ப் புலமை கைகழுவிக்கொண்டது. (பொருள்முதல்வாதம் பேசும் தோழர்களும் இந்தப் பொருளைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது தனி வேடிக்கை.)

ஆகவே ஒரு பெட்டியின் உடலை வாசித்துப் பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்வது ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ப்ரோ. தர்மபுரியில் எவர் மேசையிலும் இதை நான் கண்டதில்லை. 2023இல் இந்தியாவில் இதன் தொடக்க விலை 7,29,900 ரூபாய். விலை ஒரு தடையாக இல்லாத இடத்தில் முதலாளியம் ஒரு பொருளை என்னவாகச் செய்ய விரும்புகிறது என்று தெரிந்துகொள்ள இது தோதான மாதிரி.

'வொர்க்ஸ்டேஷன்' என்ற இனமே தனி ஆளின் மேசைக்குப் பெரிய கணினியின் பலத்தைக் கொண்டுவரும் ஆசையில் பிறந்தது. சன், சிலிக்கான் கிராபிக்ஸ் இரண்டு நிறுவனங்களும் 1980களின் தொடக்கத்தில் தோன்றியவை. 1993இல் 'ஜுராசிக் பார்க்'கின் டைனோசர்கள் சிலிக்கான் கிராபிக்ஸ் பெட்டிகளில்தான் நடக்கப் பழகின. சாதாரணப் பி.சி. வலுவடைய வலுவடைய அந்த நிறுவனம் சரிந்து, 2006இலும் 2009இலும் திவால் மனு கொடுத்தது.

மேக் ப்ரோ 2006 ஆகஸ்டில் வந்தது. அலுமினிய கோபுரம்; உள்ளே இன்டெலின் ஜியான் செயலிகள் இரண்டு. பின்பக்கத் தாழை நெம்பினால் பக்கத்தகடு கையோடு வந்துவிடும். நான்கு வன்வட்டுகளும் இழுப்பறை மாதிரி வெளியே வரும், ஒயர் கிடையாது. நினைவக அட்டைகளை உருவி எடுத்து வேறு போடலாம். 2013இல் இதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கறுப்பு உருளை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பத்து அங்குலத்துக்குச் சற்றே குறைந்த உயரம், நடுவில் முக்கோண வெப்பத்தண்டு, உச்சியில் ஒரே விசிறி. பார்க்க அழகு. ஆனால் அதன் இரண்டு வரைகலை அட்டைகளும் அந்த உருளைக்கென்றே வார்க்கப்பட்டவை. கடையில் வாங்கி மாற்ற முடியாது. தொழில் ஒற்றைப் பெரிய அட்டையை நோக்கிப் போனபோது அந்த வெப்பத்தை உருளையால் தாங்க முடியவில்லை. 'குப்பைத்தொட்டி' என்று பெயர் விழுந்தது. 2017 ஏப்ரலில் நிறுவனமே சில பத்திரிகையாளர்களை அழைத்து, தன் வடிவமைப்புக்குள் தானே மாட்டிக்கொண்டதை ஒப்புக்கொண்டது.

2019 டிசம்பரில் கோபுரம் திரும்ப வந்தது. எட்டு விரிவாக்கச் செருகிடங்கள், நினைவகத்துக்குப் பன்னிரண்டு, 1.5 டெராபைட் வரை ஏற்றலாம். விலை 5,999 டாலரில் தொடக்கம். தள்ளிக்கொண்டு போகச் சக்கரம் வேண்டுமென்றால் மேலும் 400 டாலர்! 2023இல் அதே கோபுரத்துக்குள் ஆப்பிளின் சொந்தச் சில்லு புகுந்தது. நினைவகம் சில்லோடு ஒட்டிக்கொண்டது; உச்சவரம்பு 192 ஜிபி, அதாவது முன்பிருந்ததில் எட்டில் ஒரு பங்கு. எவ்வளவு வேண்டும் என்று வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு கூட்ட வழியில்லை. செருகிடங்கள் இருந்தன, வரைகலை அட்டை போட்டால் வேலை செய்யாது. கோபுரம் கோபுரமாகவே நின்றது, திறப்பதற்கான காரணம்தான் போய்விட்டது.

பொறியியல் நியாயம் இல்லாமலில்லை. நினைவகம் பக்கத்தில் இருந்தால் வேகம் கூடும், மின்சாரம் குறையும். நான் கேட்பது வேறு. ரோலான் பார்த் வாசிப்பதற்கு மட்டுமான பிரதி என்றும் வாசகனே எழுதிக்கொள்ளும் பிரதி என்றும் பிரித்தார் அல்லவா? 2006 பெட்டி இரண்டாவது வகையை நெருங்கியது. 2023 பெட்டி முதலாவது. 2017இல் திரைப்படக்காரர்களும் இசைக்காரர்களும் முணுமுணுத்தபோது அந்தக் கம்பெனி இறங்கி வந்தது. காசுள்ள வாசகனின் கோபத்துக்கு அந்த மரியாதை உண்டு.

நம் பக்கத்துப் பிரதிக்கு வருவோம். எங்கள் ஊர் டி.டி.பி. கடையில் இதழ் வேலை நடக்கும் கணினி, பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் துண்டு துண்டாக வாங்கி வந்து கோத்தது. இருபது வருஷமாகிறது. மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பிப்போனால் கடைக்கார அண்ணனே பற்றவைத்துவிடுவார். ஏன் இத்தனை பாடு? அதில் பேஜ்மேக்கர் இருக்கிறது. 1985இல் மெக்கின்டாஷுக்கென்று பிறந்து, 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள். யூனிகோட் தெரியாது, புதிய இயக்குதளங்களில் ஒழுங்காக ஓடாது. பழைய இதழ்களெல்லாம் அதற்குள், பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. 'அம்மா' என்று நாம் படிப்பது அந்தக் கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் அந்த ஆங்கிலக் குப்பைதான் கிடைக்கும். "இந்த மிஷின் படுத்துடுச்சுன்னா உங்க பழைய புக்கெல்லாம் அவ்ளோதான் சார்" என்கிறார் அண்ணன். இதை எதிர்ப்பரசியல் என்று கொண்டாட நான் தயாரில்லை. பெட்டி திறந்து கிடக்கிறது, கோப்பு பூட்டிக் கிடக்கிறது. மொழியை வெட்டவெளியில் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லிக்கொண்ட நாம், ஒரு கெப்பாசிட்டரின் ஆயுளில் அதைத் தொங்கவிட்டிருக்கிறோம்.

இனி, கைகள். மேக் ப்ரோவுக்குள் 2023இல் புகுந்த சில்லு ஐபோன் சில்லின் வம்சாவளி. மூடும் கலை முதலில் கைபேசியில் முழுமை பெற்று, பிறகே கோபுரத்துக்கு ஏறியது. அந்தக் கைபேசியின் மேலோடு ஓசூர்ப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் செய்யப்படுகிறது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை ஓசூர் எங்கள் தர்மபுரி மாவட்டம்தான். அங்கே 60,000 பேர் வேலை பார்ப்பார்கள், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் பெருமையோடு சொன்னார். திருகாணி தெரியாத, இணைப்புத் தெரியாத அந்த வழவழப்பு, அதைத் தேய்த்த விரல்களையும் சேர்த்தே தேய்த்து அழிக்கிறது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் விடுதிப் பெண்கள் கெட்டுப்போன சாப்பாட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய், சக பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் ஐபோனுக்குள் ஆள் இருப்பது நாட்டுக்குத் தெரிந்தது. அந்தச் சமயத்திலும் நம் இதழ்களில் கணினித் தமிழ்க் கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருந்தன, எழுத்துருவைப் பற்றி.

இதழ் நடத்துகிற நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 1990களின் விவாதங்கள் எந்தெந்த ஊர் டி.டி.பி. கடைகளின் வன்வட்டில் இருக்கின்றன, அவற்றில் எத்தனை இன்றைக்கும் சுழல்கின்றன என்று ஒரு கணக்கு எடுக்க முடியுமா? எங்கள் கடையில் பேஜ்மேக்கர் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கியாயிற்று. ஒற்றெழுத்துகள் அங்கங்கே உதிர்கின்றன. வரிக்கு வரி பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்த இரண்டு பேர் வேண்டும்.