வீடு கட்ட வந்தோரும் காணி இல்லாதோரும்

போருக்குப் பிந்திய நமது புனைகதைகளைப் படிப்போர்க்கு ஒன்று புலப்படாமற் போகாது. அவற்றில் வீடு என்பது பெரும்பாலும் இழந்துபோன நாற்சார் வீடே. தலைவாசல், சங்கடப்படலை, கிணற்றடி, முற்றத்து மாமரம் யாவும் உருக்கத்தோடு வருகின்றன. அவ்வுருக்கம் பொய்யென்று சொல்லேன். ஆயின், அதே வளவின் மூலையிற் கொட்டில் போட்டுக் குடியிருந்தவனும் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவனே. அவனுடைய கொட்டிலுக்காக அழும் கதைகள் எத்தனை?

இவ்வினா இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. வறியோர்க்கு வீடு கட்டிக் கொடுக்கக் கடல் கடந்து செல்லும் தொண்டர்களையும், அவர்களை அனுப்பும் நிறுவனங்களையும் உரசிப் பார்ப்பதற்கும் இதுவே உரைகல்.

அத்தொண்டின் பிறப்பு மாண்புடையது. முதலாம் உலகப் போர் முடிந்தபின், 1920இல், பியேர் செரெசோல் என்ற சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் பல நாட்டவர் சிலருடன் பிரான்சின் வேர்டன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் சிற்றூருக்குச் சென்று, இடிந்த குடிமனைகளை மீளக் கட்டும் வேலையில் இறங்கினார். அவர்களுள் ஜேர்மானியரும் இருந்தனர். நேற்றுவரை பகைவனாயிருந்தவன் இன்று மண்வெட்டியோடு வந்து நிற்பது சிறு செய்தியன்று. 1934இல் பீகாரைப் பூகம்பம் அழித்தபோதும் செரெசோல் அங்கு வந்து, வெள்ளம் புகும் கிராமங்களை மேட்டு நிலத்தில் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: கிராமத்தை மேட்டுக்குக் கொண்டுபோக முதலில் மேட்டு நிலம் கிடைத்தாக வேண்டும். செங்கல்லும் மரமும் அதற்குப் பிறகே.

1976இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் தொடங்கிய ‘ஹபிட்டாட்’ நிறுவனத்தின் தொண்டர்கள் சொந்தச் செலவிற் பயணஞ் செய்து, ஓரிரு கிழமை கல் சுமந்து திரும்புபவர்கள். வீடு பெறும் குடும்பமும் அவர்களோடு நின்று உழைக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. “விமானச் சீட்டுக் காசுக்கு ஊர் மேசனுக்கு ஒரு மாதம் வேலை கொடுக்கலாமே” என்று நம்மவர் நையாண்டி செய்வதுண்டு. கணக்குச் சரிதான், ஆனால் அது அரைக் கணக்கு. யாழ்ப்பாணத்திற் கூலியற்ற உழைப்பு புதிதன்று. அயலார் கூடிக் கிடுகு கட்டி வேய்ந்து, ஒருநேரச் சோற்றோடு மகிழ்ந்து போனதும் கூலியற்ற உழைப்பே. குடிமை என்ற பெயரால் அடக்கப்பட்ட சாதியினரிடம் பறிக்கப்பட்டதும் கூலியற்ற உழைப்பே. வலியோன் எளியோனுக்காக விரும்பிக் கல் சுமப்பதென்பது இம்மண்ணின் வழக்கத்தைத் தலைகீழாக்குவதாகும். அவ்வளவில் அத்தொண்டனை நான் வணங்குவேன்.

ஆனால் அவன் எந்த நிலத்திற் கல்லை வைக்கிறான்?

2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 50,000 வீடுகள். அவற்றுள் முதல் ஆயிரம் ஒப்பந்தகாரர் கட்டியவை. 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கிய அடுத்த கட்டத்திலோ, பயனாளியே தன் வீட்டைக் கட்டுமாறு 5,50,000 ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டது. மேற்படி ஹபிட்டாட், அதனை நடைமுறைப்படுத்திய நிறுவனங்களுள் ஒன்று. 550 சதுர அடி வீடு. மேசனையும் பொருளையும் குடும்பமே தேர்ந்துகொள்ளலாம். மக்களைக் கையேந்துவோராக்காத முறை இது என்பதில் ஐயமில்லை. பின்னர் ஒரு பன்னாட்டு உருக்குக் கம்பனி மூலம் 65,000 உருக்கு வீடுகளை இறக்க அரசு முனைந்தபோது, நம் வெயிலுக்கு அவை ஒவ்வா, செலவும் மிகுதி என்று எதிர்ப்பு எழுந்தது, அம்முயற்சி கைவிடப்பட்டது. கல்வீட்டின் பெறுமதியை மக்கள் அறிந்திருந்தமையே அதற்குக் காரணம். கட்டி முடிப்பதற்குத் தவணைப் பணம் போதாமற் கடன்பட்டோரும் பலர். அது தனியே எழுதத்தக்கது.

இம்முறையின் வாசலில் ஒரு நிபந்தனை நின்றது. வீடு வேண்டுமாயின் காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ காட்டுதல் வேண்டும். பார்வைக்கு நியாயமான நிபந்தனைதான். பிறன் நிலத்தில் வீடு கட்ட எவர் பணம் கொடுப்பார்? ஆயினும், தலைமுறை தலைமுறையாகப் பிறன் வளவிற் குடியிருக்குமாறு வைக்கப்பட்ட மக்களை அது ஒரே வரியிற் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. கால் நூற்றாண்டுக்கு மேலாக மல்லாகம், சுன்னாகப் பகுதி முகாம்களிற் கிடந்தோருள் காணியற்ற அடக்கப்பட்ட சாதியினர் மிகுதியாக இருந்தமை தற்செயலன்று. காணி விடுவிக்கப்பட்டபோது உறுதி உள்ளவன் ஊருக்குப் போனான். மற்றவன் எங்கே போவது?

இதை எழுத்தில் வைத்தவர் கே. டானியல். 1972இல் வெளிவந்த ‘பஞ்சமர்’ முதலாக அவர் நாவல்களிற் காணியே அதிகாரத்தின் வேர். குடியெழுப்பிவிடுவேன் என்ற ஒரு சொல், அடியையும் உதையையும்விடக் கொடிய ஆயுதமாக நிற்கிறது. அவர் நடையில் நயம் குறைவென்றும், உரையாடல் மிகையென்றும் கூறும் விமர்சகர் உளர். அக்குறையிற் சிறிது உண்மையும் உண்டு. எனினும், வீடமைப்பு அலுவலர் ஒருவர் விண்ணப்பப் படிவத்தை எழுதுமுன் அந்நாவலைப் படித்திருந்தால், நிபந்தனைக்கு முன்னே காணிப் பங்கீட்டை வைத்திருப்பார்.

2016இல் கீரிமலையில் நல்லிணக்கபுரம் என்ற பெயரில், முகாம்களிலிருந்த காணியற்றோர்க்கென 100 வீடுகள் எழுந்தன, கட்டியவர்கள் இராணுவத்தினர். அரசு மனம் வைத்தாற் காணி கிடைக்கும் என்பது அங்கே தெரிந்தது. துவக்குப் பிடித்த கை அத்திவாரம் வெட்டுகிறது. முகாமிற் பிறந்த பிள்ளை முதன்முறை ஒரு கதவைப் பூட்டுகிறது. இதைவிடச் சிக்கலான கதைக்கரு ஒரு நாவலாசிரியனுக்கு வாய்க்குமா? நம் எழுத்தாளரோ இன்னும் மாமரத்தடியிலேயே நிற்கின்றனர்.