பொன் வைக்கிற இடத்தில் பொக்கே

பெசன்ட் நகரில் பூ இரண்டு விதமாகக் கிடைக்கும். வேளாங்கண்ணி மாதா கோயில் பக்கமும் அஷ்டலட்சுமி கோயில் பக்கமும் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவிடம் ஒன்று. முழம் போடுவார். தெரிந்த முகம் என்றால் கொசுறாக நாலு விரல் நீளும். இன்னொன்று, கண்ணாடிக் கதவு போட்ட ஏ.ஸி. பொக்கே கடை. அங்கே முழம் கிடையாது, 'அரேஞ்ச்மென்ட்' உண்டு. 'கார்ப்பரேட் ஆர்டர்' என்று தனி விலைப்பட்டியலும் உண்டு. எனக்குச் சண்டை அந்தப் பட்டியலோடுதான்.

நீங்கள் ஆபீஸ் போகிறவர் என்றால் சமாசாரம் தெரிந்திருக்கும். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும், புதுக் கிளை திறந்தாலும், ஒப்பந்தம் கையெழுத்தானாலும், செலோபேன் சுற்றி சாட்டின் ரிப்பன் கட்டிய பூக்கூடை ஒன்று வந்து இறங்கும். கூடவே ஒரு வாழ்த்து அட்டை. லோகோ அச்சில், வாழ்த்து அச்சில், கையெழுத்துகூட அச்சில். அனுப்பியவர் அந்தப் பூவைப் பார்த்ததில்லை. பெற வேண்டியவர் டூரில் இருக்கிறார். ரிசப்ஷனில் மூன்று நாள் நின்று நாலாவது நாள் குப்பைக்குப் போகிறது. இதற்குப் பெயர் வியாபார உறவை வளர்ப்பது!

யோசனை மோசமில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக் குத்துவிளக்கு அனுப்பினால் இன்றைக்கு ஆடிட்டர் புருவத்தை உயர்த்துவார். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்க அமெரிக்கா 1977-லும் பிரிட்டன் 2010-லும் போட்ட சட்டங்களுக்குப் பிறகு, பன்னாட்டுக் கம்பெனிகளில் பரிசு வாங்குவதற்கே தனி விதிமுறைப் புத்தகம். பூவைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. அதை லாக்கரில் வைக்க முடியாது, விற்க முடியாது. வாடிவிடும். அதன் யோக்கியதையே அதுதான்.

நம்மூரில் இதை வெகுநாள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். 'பொன் வைக்கிற இடத்தில் பூ வைத்தாற்போல' என்பார்கள். என் கை சிறிசு, மனசு சிறிசில்லை என்று அர்த்தம். கார்ப்பரேட் பொக்கே இதைத் தலைகீழாக்குகிறது. கை பெரிசு, மனசு விடுமுறையில். பூ, பொன் வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

வேஷத்தைக் கொஞ்சம் கலைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது அநேகமாக ஓசூர் ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன். ஓசூர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள், பசுமைக்குடிலில் வளர்த்து, குளிர்பதனத்தில் வைத்து, காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், இவை நீண்ட காம்புக்காகவும் நீண்ட ஆயுளுக்காகவும் வளர்க்கப்பட்ட ரகங்கள். வாசனை அந்தப் பேரத்தில் போய்விட்டது. ஜெர்பராவுக்கோ முதலிலிருந்தே கிடையாது. குளிரூட்டிய கடையிலிருந்து சென்னை மே மாத வெயிலில், ஸ்கூட்டரின் பின்சீட்டில் அரை மணி நேரம் வந்தால் அதன் கதி என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சில கூடைகளில் ஆப்பிளும் வாழைப்பழமும் சேர்த்து வைப்பார்கள். பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். கார்னேஷனுக்கு அது பரம எதிரி, சீக்கிரம் சுருங்கிவிடும். பரிசுக்குள்ளேயே பரிசைக் கொல்லும் ஏற்பாடு.

பூவைக் கையில் எடுத்தால் அடியில் பச்சையாக ஒரு நுரைக் கட்டி. 1954-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் வந்த கண்டுபிடிப்பு. நீரைப் பிடித்துவைத்துப் பூவை நிமிர்த்தி நிறுத்தும். ஆனால் அது மக்காத பிளாஸ்டிக் வகை. உதிர்ந்து பொடியாகும், மறையாது. இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி தன் மலர்க் கண்காட்சிகளில் இதற்குத் தடை போட்டுவிட்டது. நம் பொக்கேக்களில் இன்னும் ராஜாங்கம் நடத்துகிறது.

அர்த்தம் தெரியாமல் அனுப்புகிற ஆபத்து வேறு. ரஷ்யாக்காரருக்கு இரட்டைப்படையில் பூ கொடுத்தால் துக்கத்துக்கு வந்ததாக அர்த்தம். ஜப்பானில் வெள்ளைச் சாமந்தி சாவு வீட்டுப் பூ. (நம்மிடமும் யாருக்குப் பூ கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று குரூரமான கணக்குகள் இருந்தன. இன்னும் இருக்கின்றன. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.)

அரசியல்வாதிகளுக்கே இது அலுத்துவிட்டது. பிரதமர் சுற்றுப்பயணத்தில் பூங்கொத்து வேண்டாம், கொடுத்தே ஆகவேண்டுமென்றால் ஒற்றைப் பூவோடு கதர்க் கைக்குட்டையோ புத்தகமோ போதும் என்று 2017-ல் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. பொன்னாடையும் பூங்கொத்தும் வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று மு.க.ஸ்டாலின் முதல்வரான 2021-ல் கேட்டுக்கொண்டார். அதற்காக கம்பெனிகளும் புத்தகத்துக்கு மாறினால், படிக்காத மேலாண்மைப் புத்தகங்கள்தான் ரிசப்ஷனில் குவியும். சிக்கல் பூவில் இல்லை.

உங்களுக்குச் சரக்கு கொடுக்கும் சின்னப் பட்டறைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் அவருக்கு 45 நாளுக்குள் பணம் போயாக வேண்டும். அவருடைய பில் நாலு மாசமாக உங்கள் மேஜையில் தூங்குகிறது. தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு 2,500 ரூபாய் பொக்கே போகிறது. அதைப் பார்த்து அவர் மனைவி என்ன சொல்வார் என்று பத்திரிகையில் அச்சிட முடியாது. அந்த பொக்கேயை சப்ளை செய்த கடைக்காரரும் தன் பில்லுக்காக அதே அக்கவுண்ட்ஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தால், ஆச்சரியப்பட மாட்டேன்.

முதலில் செக்கை அனுப்புங்கள். பிறகும் பூ கொடுக்கத் தோன்றினால், மாலையில் கோயில் பக்கம் போய் நீங்களே பத்து முழம் மல்லி வாங்கிக்கொண்டு நேரில் போங்கள். விடியலில் பறித்த மொட்டு, ராத்திரி அவர் வீட்டில் விரியும். நடு ஆபீஸில் கொடுத்தாலும் ஆளுக்கு ஒரு முழமாகப் பங்குபோட்டுக்கொள்வார்கள். பொக்கேயைப் பங்குபோட முடியாது. ஒரே அசௌகரியம், பூக்காரம்மா ஜி.எஸ்.டி. பில் தரமாட்டார். பெட்டி கேஷ் வவுச்சரில் 'பூ' என்று உங்கள் கையாலேயே எழுத வேண்டியிருக்கும்.