பழகிய சொல்லும் பக்தியும்

ஸாமோவா மொழியில் விடைபெறும்போது 'தோஃபா ஸொயிஃபுவா' என்கிறார்கள். ஸொயிஃபுவா என்றால் உயிர், நலம். ஆனால் அது பிறருக்கான சொல். தன் உயிரைச் சொல்ல 'ஓலா' போதும். எதிரில் நிற்கும் மரியாதைக்குரியவருடையது ஸொயிஃபுவா.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? 'போய்வாருங்கள்' என்று போட்டால் சொல்லிலிருந்த வாழ்த்து போய்விடுகிறது. 'நீடூழி வாழ்க' என்று போட்டாலோ, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன்கூடப் புரோகிதர் மாதிரி பேசுகிறான்.

இதில் மரியாதை எவ்வளவு, மதம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை என்றே எனக்குப் படுகிறது. பாதிரியார் ஜான் வில்லியம்ஸ் 1830-ல் அங்கே போய் இறங்கினார். 1855-க்குள் பைபிள் முழுவதும் அந்த மொழியில் வந்துவிட்டது. மொழிபெயர்த்தவர்கள் பல இடங்களில் ஊர்ச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். பழைய தெய்வங்களுக்கு வழங்கிய 'அத்துவா' என்ற பெயரே ஏக கடவுளுக்கும் ஆயிற்று. குலத்தலைவரின் பிள்ளையைக் குறிக்கும் 'ஆலோ' தேவகுமாரனுக்கு வந்தது. சபையில் வழங்கிய மரியாதைதான் கோயிலுக்குள்ளும் போயிற்று.

காவா பானம் வழங்கும் சடங்கில், குடிப்பவர் 'மானுயியா' என்பார். மற்றவர்கள் 'ஸொயிஃபுவா' என்பார்கள். இரவு தூங்கப் போகும்போது சொல்வதும் அந்த மானுயியாதான். கடவுள் ஆசீர்வதிப்பதைச் சொல்லும் வார்த்தையும் அதிலிருந்து பிறந்ததே.

ஸாமோவா நாவலாசிரியர் ஆல்பர்ட் வெண்ட் 1973-ல் வெளியிட்ட 'ஸன்ஸ் ஃபார் தி ரிட்டர்ன் ஹோம்' ஆங்கில நாவல். நியூஜிலாந்துக்குப் போய்த் திரும்பும் குடும்பத்தின் கதை. நாயகனுக்குப் பெயரே கிடையாது. அதில் குடும்பத்தைச் சொல்லும் 'அயிங்கா', வெள்ளையரைச் சொல்லும் 'பாபாலாங்கி' போன்ற சொற்களை அவர் அப்படியே விட்டுவிடுகிறார். சிலருக்கு இது இடைஞ்சலாக இருக்கலாம். எனக்கு இதுவே நேர்மையான வழி என்று தோன்றுகிறது. அகராதி ஒரு சொல்லுக்குப் பொருள் தரும். அதன் கனத்தைத் தருவது அது பேசப்படும் இடம். கடல் கடந்து போகும் மகனிடம் தாய் சொல்லும் ஸொயிஃபுவாவுக்கும், கடைக்காரர் சொல்லும் ஸொயிஃபுவாவுக்கும் எழுத்தில் வித்தியாசம் இல்லை. முதலாவது பிரார்த்தனை என்று வாசகனை உணரவைக்கத் தெரியாதவன் அடிக்குறிப்பு எழுதிப் பயனில்லை.